மழை படாத போல்ட்: சோலார் ஸ்ட்ரக்சரில் எஸ்எஸ் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி

"தம்பி, என் அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் குடத்துக்கு வயது முப்பது. ஒரு பொட்டுத் துரு கிடையாது. நீங்கள் போட்ட போல்ட்டுக்கு வயது இரண்டு. குனிந்து பாருங்கள்."

தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு வீட்டு மொட்டை மாடியில் அந்த ஆச்சி என்னை நிற்கவைத்துச் சொன்னது இது. குனிந்து பார்த்தேன். பேனல்களின் மேல்பக்கம், இரண்டு பேனல்களுக்கு நடுவே பிடிக்கும் மிட் கிளாம்ப்களில் இருந்த போல்ட் தலைகள் பளிச்சென்று இருந்தன. பேனலுக்கு அடியில், அதைத் தாங்கும் சட்டகமான ஸ்ட்ரக்சரைப் பூட்டியிருந்த போல்ட்டுகள் மட்டும் டிகாக்‌ஷன் ஊற்றியதுபோலப் பழுப்பேறியிருந்தன. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. வெயிலும் மழையும் வாங்கியது நன்றாக இருக்கிறது, நிழலில் சுகமாக இருந்தது கெட்டுவிட்டது. அன்று எனக்கு இது புரியவில்லை. புரிந்த பிறகு போல்ட் வாங்குவது முதல் மாடியைக் கழுவுவது வரை என் வேலை முறையே மாறிவிட்டது.

ஆச்சியின் குடமும் என் போல்ட்டும் ஒரே குடும்பம்தான். இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுருக்கமாக எஸ்எஸ். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும், ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்தால் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும். இந்தப் படலத்துக்கு ஒரே பெரிய எதிரி உப்பில் இருக்கும் குளோரைடு. அது படலத்தில் ஊசி முனையளவு துளை போட்டுவிட்டால், துளைக்குள் ஆக்சிஜன் குறைந்து, அமிலத்தன்மை ஏறி, அரிப்பு உள்நோக்கிப் போகும்.

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு இல்லை. மாடியிலும் அதேதான் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஆகவே கடற்கரை ஊரில் போல்ட் மீது படிந்த உப்பு, ஒரு சொட்டு மழை இல்லாமலே இரவுதோறும் நனைகிறது, பகலில் காய்ந்து இன்னும் செறிவாகிறது. திறந்த இடத்துப் போல்ட்டை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. பேனலுக்கு அடியில் இருப்பதைக் கழுவ யாரும் இல்லை. குடத்தை ஆச்சி தினமும் கழுவுகிறார். அதே குடத்தில் உப்பு ஊறுகாயைப் போட்டு ஒரு மாதம் மூடிவைத்தால் அதிலும் புள்ளி விழும்.

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் மாடி எந்தக் காற்றில் இருக்கிறது?

வரைபடத்தை எடுத்து, அலை உடையும் கரையிலிருந்து வீட்டுக்கு நேர்கோட்டுத் தூரத்தைப் பாருங்கள். அலை உடையும் இடத்தில்தான் உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. அமைதியான காயலோரத்துக்கும் அலையடிக்கும் கரைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. துருப்பிடிக்காத எஃகில் படியும் இந்தப் பழுப்பு நிறத்துக்கு ஆஸ்திரேலியர்கள் 'தேநீர்க் கறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அலையடிக்கும் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை அது வரக்கூடும் என்பது அவர்களின் பொதுவான கணக்கு. காற்றின் திசை ஒத்துழைத்தால் அதைத் தாண்டியும் வரும்.

நம் கரையைக் குறைத்து எடைபோட வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிப்பை அளந்துவந்திருக்கிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையே தயாரித்த நிறுவனம் அது. பக்கத்திலேயே பாம்பனில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்து, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சும் அடித்திருக்கிறார்கள். அந்தக் காற்றில்தான் நாம் கடையில் எண்ணிப் பார்க்காமல் அள்ளிய போல்ட்டை மாட்டுகிறோம்.

நான் பின்பற்றும் கணக்கு இது: கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் எல்லாப் போல்ட்டும் 316 தரம், பேச்சுக்கே இடமில்லை (இந்தத் தர எண்களின் பொருளை அடுத்த படியில் சொல்கிறேன்). ஒன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை, பேனலுக்கு அடியில் மழை படாத இடங்களுக்கு மட்டுமாவது 316. அதற்கு அப்பால் நல்ல 304 போதும். உப்பளம், ரசாயன ஆலை, உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் பேனல் கழுவும் வழக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பேனல் தயாரிப்பாளரின் நிறுவல் கையேட்டிலும் கடலுக்கு அருகே பொருத்துவது பற்றிய நிபந்தனைகள் இருக்கும். வாரண்டி அதில் தொங்கிக்கொண்டிருப்பதால் வாங்கும் முன்பே படிப்பது நல்லது.

இரண்டாம் படி: கடையில் 'எஸ்எஸ்' என்ற சொல்லை நம்பாதீர்கள்

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் "எஸ்எஸ் போல்ட்" என்று கேட்டால் அவர் தருவது பொய்யாக இருக்காது. அது எந்த எஸ்எஸ் என்பதுதான் கேள்வி. 304 தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 316 தரத்தில் நிக்கல் இன்னும் சற்று அதிகம், அதோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். குளோரைடை எதிர்த்து நிற்பது இந்த மாலிப்டினம்தான். மூன்றாவதாக 200 வரிசை. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது. 202 என்று கடைகளில் புழங்குவது இந்த வகை. கடலிலிருந்து தள்ளிய ஊர்களில், வீட்டுக்குள், கைப்பிடிக்கும் கம்பிக்கும் அது நன்றாகவே உழைக்கும். கடற்கரை மாடியில் ஓராண்டிலேயே பழுப்பேறிவிடும்.

பளபளப்பைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். 202, 304, 316 மூன்றுமே காந்தத்தை ஏறக்குறைய கண்டுகொள்ளாதவை. குளிர்நிலையில் அழுத்தித் தலை உருவாக்கியதால் நல்ல 304 போல்ட்டும் லேசாக ஒட்டலாம். காந்தம் பட்டென்று ஒட்டிக்கொண்டால் மட்டும் அதைத் திருப்பிக் கொடுங்கள். அது முலாம் பூசிய சாதா இரும்பாகவோ 410 போன்ற வேறு வகை எஃகாகவோ இருக்கும்.

நம்பக்கூடியது போல்ட் தலையில் பொறித்த எழுத்து. ஐஎஸ்ஓ 3506 தரப்படி செய்த அறுகோணப் போல்ட்டில் தயாரிப்பாளர் குறியோடு ஏ2-70 அல்லது ஏ4-70, ஏ4-80 என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். ஏ2 என்பது 304 குடும்பம், ஏ4 என்பது 316 குடும்பம். 70 என்றால் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 80 என்றால் 800. தலை மொட்டையாக இருந்தால் அந்தப் போல்ட் எந்தத் தரம் என்று யாருக்கும் தெரியாது, விற்பவருக்கும்தான். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

ரசீதில் 'எஸ்எஸ் போல்ட்' என்று எழுதவிடாமல் 'ஏ4-70' அல்லது '316' என்று எழுதி வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் ஆலையின் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாலிப்டினம் சோதனைத் துளிமருந்து கிடைக்கிறது. சின்ன மின்கலம் ஒன்றை வைத்துத் துளியைப் போல்ட் மேல் விட்டால், நிறம் மாறுவதை வைத்து 316 தானா என்று சொல்லிவிடலாம். பெரிய பழைய இரும்பு வியாபாரிகள் பலரிடம் உலோகக் கலவையை நொடியில் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கும். ஒரு டீக்கு ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேனல்களை ஒரே வரிசையில் பேனலைத் தாங்கும் இரண்டு நீளச் சட்டங்களின், அதாவது ரயில்களின் மேல் வைத்தால் மிட் கிளாம்ப் 10, ஓரங்களைப் பிடிக்கும் எண்ட் கிளாம்ப் 4. ஸ்ட்ரக்சர் இணைப்புகளையும் சேர்த்துச் சில டஜன் போல்ட்டுகள்தான். 304க்கும் 316க்கும் உள்ள விலை வித்தியாசம் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. 25 ஆண்டு உழைக்க வேண்டிய பேனலை இந்த இடத்தில் சிக்கனம் பிடித்து மாட்டுவதை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

மூன்றாம் படி: செட் முழுவதும் ஒரே தரம்

போல்ட் 316 வாங்கியிருப்பார்கள். நட்டும் சரியாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங் வாஷர் பக்கத்து டப்பாவிலிருந்து வந்த முலாம் பூசியது. ஆறே மாதத்தில் அந்த வாஷர் துருப்பிடித்து, அதன் செந்நீர் போல்ட் முழுக்க வடிந்து, "எஸ்எஸ் துருப்பிடித்துவிட்டது" என்று புகார் வரும். நான் பார்க்கப்போன இடங்களில் பாதிக்கு மேல் குற்றவாளி வாஷர்தான். போல்ட், நட், பிளெயின் வாஷர், ஸ்பிரிங் வாஷர் நான்கையும் ஒரே தரத்தில், முடிந்தால் ஒரே கடையில், செட்டாக வாங்குங்கள்.

தகரக் கூரை என்றால் தானே துளையிட்டுக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூக்களில் கூடுதல் கவனம் வேண்டும். துளையிடும் முனை கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல ஸ்க்ரூக்கள் 410 வகை எஃகில் செய்யப்படுகின்றன. அதில் குரோமியம் 11.5 முதல் 13.5 விழுக்காடுதான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. பெயருக்கு எஸ்எஸ், கடற்காற்றில் சாதா இரும்புக்குச் சற்று மேல். உடல் முழுக்க 304 ஆகவும் முனை மட்டும் கார்பன் எஃகாகவும் செய்த இரட்டை உலோக ஸ்க்ரூ கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: பக்கத்து உலோகம் என்ன?

ஒரே உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றுக்காக அழியும். பேனல் சட்டமும் ரயிலும் அலுமினியம், போல்ட் எஸ்எஸ் என்றால் அழிவது அலுமினியம். பயப்பட வேண்டாம். சின்னப் போல்ட்டும் பெரிய அலுமினியப் பரப்பும் என்ற விகிதத்தில் சேதம் பரவலாகிக் கரைந்துபோகும், மெதுவாகவே நடக்கும். நேர்மாறாக, பெரிய எஸ்எஸ் தகட்டை அலுமினிய ரிவெட்டால் பிடித்தால் ரிவெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் ஸ்ட்ரக்சர் ஜிஐ, அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. இங்கே போல்ட்டைச் சுற்றி முதலில் வெள்ளைப் பொடி தெரியும். அது துத்தநாகம் கரைவது. அது தீர்ந்தபின் அடியிலுள்ள இரும்பு சிவக்கும், அந்தச் சிவப்பு போல்ட் தலைமேல் வழியும். போல்ட்டைத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். நோய் ஜிஐயில் இருக்கும்போது போல்ட்டுக்கு மருந்து போட்டுப் பயனில்லை. குறிப்பாக, மாடியில் வைத்துப் புதிதாகத் துளை போட்டீர்கள் என்றால் அந்தத் துளையின் விளிம்பில் முலாம் இல்லை. உடனே துடைத்து, துத்தநாகம் செறிந்த பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் போல்ட்டை மாட்டுங்கள்.

உப்பு அதிகமான இடத்தில் எஸ்எஸ் வாஷருக்கும் ஜிஐக்கும் நடுவே நைலான் அல்லது இபிடிஎம் ரப்பர் வாஷர் போடலாம். ஒரு விதிவிலக்கு: எர்த் தொடர்ச்சிக்காகப் பல் வைத்த வாஷர் போட்டிருக்கும் இடங்களில் கைவைக்காதீர்கள். அந்தப் பற்கள் அலுமினியத்தின் மேற்பூச்சைக் கீறி உலோகத்தைத் தொட வேண்டும் என்பதற்காகவே இருப்பவை. அங்கே ரப்பரோ கிரீசோ பெயிண்டோ போட்டால் துருவைத் தடுத்து ஷாக்கை வரவேற்கிறீர்கள். செம்பு எர்த் கம்பியையும் நேரடியாக அலுமினியத்தில் முடிக்கக் கூடாது. கம்பி முனையில் மாட்டும் வெள்ளீயம் பூசிய லக் வேண்டும்.

ஐந்தாம் படி: வேலை நடக்கும் நாள்

இங்கேதான் என் கதைக்கு மீண்டும் வர வேண்டும். அந்த ஆச்சி வீட்டில் அடியிலிருந்த போல்ட்டுகளில் பழுப்புப் படலம் மட்டும் இல்லை, மிளகாய்ப்பொடி தூவியதுபோல நுண்ணிய சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. அந்தப் புள்ளிகளை அங்கே விதைத்தது என்னுடைய கிரைண்டர். போல்ட் மாட்டிய பிறகு, ஒரு ஜிஐ காலை இரண்டு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. இறக்கி வெட்டச் சோம்பல்பட்டு, அங்கேயே நின்று வெட்டினோம். பறந்த தீப்பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத் துணுக்கு. அது எஸ்எஸ் மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும், முதலில் அது துருப்பிடிக்கும், பிறகு தன் அடியில் இருக்கும் படலத்தையும் கெடுக்கும். குடம் பற்றி ஆச்சி சொன்னதற்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அதன்பின் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு:

வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் எல்லாம் கீழே, அல்லது மாடியின் மறு ஓரத்தில், காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது. போல்ட் பெட்டி திறக்கப்படுவது எல்லா வெட்டு வேலையும் முடிந்து, மாடியைப் பெருக்கிய பிறகுதான். துளையிட்டபின் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தரையில் ஓட்டினால் இரும்புத்தூள் அள்ளிக்கொண்டு வரும். முதல்முறை செய்தபோது வந்த அளவைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

சாதா இரும்புக்குப் பயன்படுத்திய வயர் பிரஷை எஸ்எஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதுவும் இரும்பைத் தேய்த்துப் பூசுவதுதான். ஸ்பேனர், சாக்கெட் ஆகியவற்றின் உட்புறம் துருவும் மண்ணும் இல்லாமல் துடைத்து வைத்திருங்கள்.

போல்ட்டின் நீளத்தைச் சரியாகக் கணக்கிட்டு வாங்குங்கள். இறுக்கியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரிந்தால் போதும். நீளமான போல்ட்டை வாங்கி, மிச்சத்தைக் கிரைண்டரால் நறுக்குகிறார்கள். சூடேறிய அந்த வெட்டுமுனைதான் முதலில் பழுப்பேறும்.

அடுத்தது மரை சிக்கிக்கொள்வது. எஸ்எஸ் நட்டை எஸ்எஸ் போல்ட்டில் வேகமாக ஓட்டினால் மரைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, பற்றவைத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. பலத்தைப் போட்டால் போல்ட் முறியும். இதைத் தவிர்க்க மரையில் நிக்கல் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த பற்றுதடுப்புப் பசையைத் துளி தடவுங்கள். அந்தப் பசை மரைக்குள் உப்புநீர் தேங்குவதையும் ஓரளவு தடுக்கிறது, அதனால் இரட்டை லாபம். இம்பாக்ட் டிரைவரைத் தள்ளிவைத்துவிட்டு, நட்டைக் கையால் ஓட்டி, கடைசி இறுக்கத்தை, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? பேனல் கையேடும் கிளாம்ப் தயாரிப்பாளரும் சொல்வதுதான் சட்டம். எம்8 கிளாம்ப் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள் ஏதோ ஓர் எண் இருக்கும். அந்த எண் உலர்ந்த மரைக்கா, பசை தடவிய மரைக்கா என்று பாருங்கள். பசை உராய்வைக் குறைப்பதால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். உலர்மரை எண் என்றால் கிளாம்ப் தயாரிப்பாளரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட், நட், தகடு மூன்றின் மீதும் மார்க்கரால் ஒரு கோடு. அடுத்த வருடம் கோடு உடைந்திருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று எட்ட நின்றே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: ஆசிட் பாட்டில்

டைல்ஸ் பதித்தபின் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பது எல்லா ஊரிலும் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மாடியில் பேனல் மாட்டியபின் அதைச் செய்தால், ஒரு சொட்டுகூடப் போல்ட்டில் படாவிட்டாலும் எழும் புகையே ஒரே இரவில் எஸ்எஸ்ஸைச் சிவக்கவைத்துவிடும். கழிவறை சுத்தம் செய்யும் பல திரவங்களிலும் இதே அமிலம்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை ஸ்ட்ரக்சர் கால்களின் மேல் திறந்துவிடுவதும் அப்படியே. தொட்டி நிரம்பி வழியும் குழாயின் வாய் பேனல் பக்கம் பார்க்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மாடிக்கு வேலைக்கு வரும் கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் வீட்டுக்காரர்தான் இதைச் சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் அப்போது அங்கே இருக்க மாட்டோம்.

ஏழாம் படி: பாத்திரம் கழுவுவதுபோல

தூத்துக்குடிக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மீதி ஒன்பது மாதமும் உப்பு சேர்வது மட்டுமே நடக்கும், கழுவுவது நடக்காது. ஆகவே கழுவும் நாள்களை அந்த ஒன்பது மாதங்களில் வையுங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் மாதம் ஒருமுறை, ஐந்து கிலோமீட்டர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பேனலின் கண்ணாடியைக் கழுவ எப்படியும் மாடி ஏறுவீர்கள். அதே குழாயைக் குனிந்து அடிப்பக்கமும் காட்டுவதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம். கண்ணாடியை மட்டும் கழுவினால் மேலிருந்து வழியும் உப்புநீர் அடிப் போல்ட்டுகளில் போய்த் தங்கும், கழுவாமல் விட்டதைவிட மோசம். அதனால் கண்ணாடி முதலில், அடிப்பக்கம் கடைசியில்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு என்றால் அதில் கழுவுவது உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசுவது. குடிநீர்க் குழாய் நீரோ சேமித்த மழைநீரோ நல்லது. வாளியளவு நீரே இருந்தாலும் கைத்தெளிப்பானில் ஊற்றிப் போல்ட் போல்ட்டாக அடிக்கலாம். சோப்பு வேண்டுமானால் லேசானதாக, குளோரின் இல்லாததாக.

அதிகாலையிலோ மாலையிலோ கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். முதலில் இன்வெர்ட்டரையும், பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரையும் அணைத்துவிடுங்கள். அணைத்தபின்பும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் கம்பிகளில் மின்னழுத்தம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கனெக்டர்கள், ஜங்ஷன் பாக்ஸ் மீது நீரைப் பீய்ச்சாதீர்கள். இன்சுலேஷன் உரிந்த கம்பியோ உடைந்த கண்ணாடியோ தெரிந்தால் அன்று கழுவ வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

கழுவவே வழியில்லாத உயரமான ஸ்ட்ரக்சரா? இறுக்கி முடித்தபின் போல்ட் தலையிலும் நட்டிலும் லானோலின் அல்லது மெழுகு அடிப்படையிலான பூச்சைத் தெளித்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சாதா கிரீஸ் வேண்டாம். புழுதியைப் பிடித்து வைத்து, அந்தப் புழுதி உப்பைப் பிடித்து வைக்கும்.

எட்டாம் படி: ஏற்கெனவே துரு வந்துவிட்டதா?

முதலில் ஒரு ஈரத்துணியில் அழுத்தித் துடையுங்கள். பழுப்பு போய் அடியில் வழவழப்பாக இருந்தால் அது மேலோட்டமான கறை. அழகு கெட்டது, வலிமை கெடவில்லை. நகத்தில் தட்டுப்படும் குழிகள், வாஷர் ஓரத்தில் உரிந்து வரும் செதில்கள், மரை தேய்ந்தது, இவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். யோசிக்க வேண்டாம்.

மேலோட்டமான கறைக்குச் சோப்பு நீரும் பச்சை நைலான் நாரும். அடுக்களைக் கம்பி நாரில் சாதா இரும்பால் ஆனதும் உண்டு, அதைத் தொடாதீர்கள். கறை பிடிவாதமாக இருந்தால் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் அதே பொருள்தான். ஏஎஸ்டிஎம் ஏ967 என்ற தரம், எண்ணெய்ப் பசை போகக் கழுவிய எஸ்எஸ் பாகங்களை 4 முதல் 10 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில், 21 முதல் 49 டிகிரி வெப்பத்தில், குறைந்தது 20 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. நம் ஊர் அறை வெப்பமே போதும். அந்தக் கரைசல் ஒட்டியிருக்கும் இரும்புத் துணுக்குகளைக் கரைத்துவிடும், படலம் மீண்டும் முழுமையாக வளர வழிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிக் காயவையுங்கள்.

இதை ஸ்ட்ரக்சரில் மாட்டிய நிலையில் செய்யாதீர்கள். அமிலம் வழிந்து ஜிஐயின் துத்தநாகத்தைத் தின்னும். போல்ட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊறவைத்து, மறுபடி மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட். கழற்றிய இடத்தில் மாற்றுப் போல்ட்டைப் பூட்டியபிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பேனல் என்பது காற்றில் விரித்த பாய். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என்ன நடந்தது என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே பழைய போல்ட் மாற்றும் வேலையை அக்டோபருக்கு முன்பே முடித்துவிடுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாமல் புதியது போடுங்கள்.

ஆச்சி வீட்டில் அடிப்பக்கப் போல்ட்டுகள் முழுவதையும் 316 ஆக மாற்றினேன், என் செலவில். கழற்றியவற்றில் புள்ளி மட்டும் விழுந்திருந்தவற்றை எலுமிச்சை உப்பில் ஊறவைத்தேன். பெரும்பாலானவை பளிச்சென்று வந்தன. நான்கில் மட்டும் குழி விழுந்திருந்தது.

அன்றிலிருந்து வேலை முடிகிற நாளில், மாட்டிய அதே பெட்டியிலிருந்து பத்து செட் போல்ட், நட், வாஷர்களை எண்ணி, மூடி இறுகிய ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, தரம் எழுதிய ரசீதின் நகலையும் உள்ளே வைத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்து வருடம் கழித்து வேறு யாராவது வந்து ஒரு போல்ட்டை மாற்றும்போது, கையில் கிடைத்ததைப் போட அவருக்குக் காரணம் இருக்காது. ஆச்சி அந்த ஜாடியை அடுக்களையில், உப்பு ஜாடியிலிருந்து மிகத் தள்ளி, மேல் தட்டில் வைத்திருக்கிறார்.